எடை இறங்காத முதுமையும் நோன்பும்

அறுபதைத் தாண்டி எடையைக் குறைக்க இறங்குகிறவர்களுக்கு முதல் சில மாதங்களில் நாலைந்து கிலோ குறையும். பிறகு எடை மெஷினின் முள் அசையாது. அப்போது நம் வீடுகளில் தட்டு இன்னும் சிறிதாகிறது: பகலில் ஒரு கரண்டி ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி. ஏகாதசி, சஷ்டி போதாதென்று செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுது ஆகிவிடும். எடை நின்றுபோனதை மனக்கட்டுப்பாட்டின் குறையாக, ஏறத்தாழ ஒரு பாவமாகவே எண்ணி, வயிற்றைக் காயப்போட்டுப் பரிகாரம் தேடுகிறோம். இந்த எண்ணத்துக்கு மருத்துவத்திலும் ஆதாரமில்லை, நம் சமயத்திலும் இல்லை.

உடம்பு இளைத்தால் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறையும். சாப்பாடு சுருங்கச் சுருங்க உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும். போன வருஷம் எடையை இறக்கிய அதே சாப்பாடு இன்று எடையை நிறுத்திவைக்கப் போதுமானதாகிவிடுகிறது. வயதும் சேர்கிறது. 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளோடு 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, உடல் எரிக்கும் ஆற்றல் இருபது வயதிலிருந்து அறுபது வரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்து, அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. இதில் யாருடைய ஒழுக்கத்தைக் குற்றம் சொல்வது? மேலும் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து கரையும். குளியலறையில் கால் வழுக்கும்போது நம்மைத் தாங்குவது அந்தத் தசைதான். உடல் பருமனான 160 முதியவர்களிடம் நடந்து 2017-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு நடை போன்ற பயிற்சியும் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களே உடல் திறனில் அதிகம் தேறினார்கள்.

சமயம் என்ன சொல்கிறது? உடம்பை இழிவென்று நினைத்திருந்த திருமூலர், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் பாடுகிறார். கடும் பட்டினியால் எலும்பும் தோலுமான புத்தர், அது ஞானத்துக்கு வழியல்ல என்று உணவேற்றார். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து முதல் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், உணவும் செயலும் அளவில் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறார். குறைவும் நோய்க்குக் காரணம் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் உணவைத் துறந்து வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைச் சங்கப் பாடல்கள் போற்றவில்லையா என்று கேட்கலாம். போற்றின. ஆனால் அது வாழ்வை முடித்துக்கொள்ளும் உறுதி. பேரப்பிள்ளைகளோடு இன்னும் பல வருஷம் நடமாட விரும்புகிறவருக்கு அது வழிகாட்டியாகாது. விரதத்தை நான் மறுக்கவில்லை. இறைவனை நினைக்க இருக்கும் விரதத்தை எடை மெஷினுக்குக் காணிக்கையாக்குவதைத்தான் மறுக்கிறேன். இப்படிச் சொல்வது சோம்பலுக்குச் சாக்கு என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மையில் பட்டினி கிடப்பதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுப்பதற்குத்தான் அதிக வைராக்கியம் வேண்டும்.

அடுத்த ஒருபொழுதுக்கு முன், நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் தொடாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தட்டில் இன்னும் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தசைக்குப் புரதம் தரும் பருப்பு, சுண்டல், தயிர், முட்டையைக் கூட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த விரதமும் இருக்க வேண்டாம்.