பானட்டைத் திற, பயம் பறக்கும்!

முன்பக்கம் நொறுங்கி நிற்கிறது உன் பிக்கப். பம்பர் தொங்குகிறது. பானட் நடுவில் மடிந்து மேலெழும்பிவிட்டது. ரேடியேட்டரிலிருந்து கூலன்ட் சொட்டுகிறது. தவணைத் தேதி தள்ளிப்போகாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டிய தக்காளியும் காத்திருக்காது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாயா? எழுந்திரு தம்பி! அடிவாங்கியது இரும்பு. நீ ஏன் நசுங்கிக் கிடக்கிறாய்?

“இதெல்லாம் நமக்கு ஆகாதப்பா” என்று சொல்லும் நாக்கை முதலில் அடக்கு. 1893-ல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் அதைக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டினார். அந்தக் கைதான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டியது. அவருக்கு வாத்தியார் யார்? கழற்றிப் போட்ட வண்டிதான்!

ஆனால் துணிச்சல் கண்ணைத் திறந்துகொண்டு வர வேண்டும். ஸ்பேனரைத் தொடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடு. இன்சூரன்ஸ் கேட்கப்போகிறாய் என்றால் கம்பெனிக்குச் சொல். சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை ஒரு போல்ட்டையும் அசைக்காதே. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்று. சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. சொட்டிய கூலன்ட் நஞ்சு. நாய் நக்கும் முன் துடைத்தெடு. அடியில் படுப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு வை. பம்பர், கிரில், ஹெட்லைட் என்று வரிசையாகக் கழற்றி, அதனதன் போல்ட்டைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுது.

இப்போது வருகிறது பரீட்சை. அளந்து பார்! வண்டியைச் சமதரையில் நிறுத்து. சேசிஸின் இரு சட்டங்களிலும் ஒன்றுக்கொன்று நேரான துளைகளைப் பிடி. தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் நாலு புள்ளி வை. குறுக்காக டேப்பை நீட்டு. இரண்டு குறுக்களவும் ஒத்துவந்தால் சேசிஸ் பக்கவாட்டில் கோணவில்லை என்று நம்பலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் பேதம் வந்தாலோ, சேசிஸ் சட்டம் மடிந்திருந்தாலோ, ஸ்டீயரிங், பிரேக் பாகங்களில் அடி விழுந்திருந்தாலோ, ஏர்பேக் வெடித்திருந்தாலோ அது வீட்டு வேலை இல்லை. பெண்டெடுக்கும் பட்டறைக்கு ஏற்றி அனுப்பு. இதில் என்ன அவமானம்? எது தன் கைக்குள், எது கைக்கு வெளியே என்று டேப் வைத்துச் சொல்பவனிடம் யாரும் பொய்க் கணக்கு எழுத முடியாது!

ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் மட்டும் உள்ளே போயிருக்கிறதா? வண்டியின் பின்பக்கத்தைக் கட்டி நிறுத்து. அடி வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் செயின் பிளாக் போட்டு மெதுவாக இழு. சங்கிலிமேல் கனமான சாக்கைப் போடு. அது இழுபடும் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. கொஞ்சம் இழு, அள, மறுபடி இழு.

அடுத்து பானட். கடைசியில் விழுந்த நசுங்கலை முதலில் எடு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வா. அடியில் டாலி என்னும் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்து, மேலே புடைத்த விளிம்பைச் சுத்தியலால் தட்டு. ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, அப்புறம் டப் டப்பென்று உள்ளும் வெளியுமாகத் துள்ளும். பழைய பனியன் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தகட்டைத் தடவிப் பார். கண்ணுக்குத் தப்பிய மேடுபள்ளம் கைக்குப் பிடிபடும். பழுத்த டிங்கரும் கையைத்தான் நம்புகிறார்! தட்டி எடுக்க வேண்டிய பள்ளத்தைப் பட்டி வைத்து மூடாதே. விரல் கனத்துக்கு அப்பிய பட்டி, வெயிலிலும் குலுக்கலிலும் வெடித்து உன் சோம்பலை ஊருக்குச் சொல்லும்.

வளைந்த ரேடியேட்டர் ஃபேனை நிமிர்த்திப் போடாதே, புதிது வாங்கு. பெயின்ட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் மாட்டிப் பார். பானட்டின் இரு பக்க இடைவெளியும் சமமாக வந்தபின் போல்ட்டை முறுக்கு. ரேடியேட்டர் ஓட்டையைச் சரிசெய்து கூலன்ட் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, இன்னும் கசிவு இருக்கிறதா என்று பார். எதிரே வருபவர் கண் கூசாதபடி ஹெட்லைட்டைத் தாழ்த்து. “இனி அடியே படக் கூடாது” என்று முன்னால் இரும்புக் கிராஷ் கார்டு மாட்டத் தோன்றும். வேண்டாம்! அதை மாட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பம்பர் நசுங்கினால் நிமிர்த்தலாம். அந்தக் கார்டு இடித்து விழுந்த மனிதரை நிமிர்த்த எந்தப் பட்டறை இருக்கிறது?

தம்பி, கோஷம் போட்டால் வருவதல்ல தன்னம்பிக்கை. அளந்து பார்த்தவனுக்குத்தான் அது வரும். இன்றைக்கு வண்டி, நாளைக்குக் கடன் கழுத்தை நெரிக்கலாம், நம்பிய தொழில் கவிழலாம். அன்றும் இதையே செய். மூடி வைத்துப் பயப்படாதே, திற. தோராயமாகப் புலம்பாதே, அள. உன்னால் ஆவதை இன்றே தொடங்கு. ஆகாததைத் தெரிந்தவரிடம் தலை நிமிர்ந்து கொடு. பயத்துக்குக் கொடுத்த நேரம் போதும், எடு ஸ்பேனரை!