முள்ளின் சொல் பிரமாணமா?

மேகத்துக்குள் இறங்கும் விமானத்தில் உடலின் சாட்சி செல்லாது. நீண்ட திருப்பத்தில் உட்செவியின் திரவமும் அதன் குழாயும் ஒரே வேகத்தில் சுழலத் தொடங்கிவிடும். சாய்ந்து பறக்கும் விமானி நேராகப் பறப்பதாகவே உணர்வார். அப்போது நம்ப வேண்டியவை கருவிகளே; அவற்றுள் ஓடுபாதைக்கு வழி காட்டுவது ஐ.எல்.எஸ். என்னும் கருவிவழித் தரையிறக்க அமைப்பின் முள். அதன் சொல்லை ஏற்பது அறிவா, நம்பிக்கையா?

ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பால் நிற்கும் லோகலைசர் என்னும் அலைபரப்பி, ஒரே வானொலி அலையில் இரண்டு அதிர்வுகளை ஏற்றி அனுப்புகிறது. இறங்கி வருபவருக்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸ் ஓங்கியிருக்கும், வலப்பக்கம் 150. இரண்டும் சமமாகும் இடமே நடுக்கோடு. கிளைடு ஸ்லோப் என்னும் மற்றொரு அலைபரப்பி இதையே மேல்கீழாகச் செய்து, வழக்கமாக 3 பாகைச் சரிவை வகுக்கிறது. விமானத்திலுள்ள ரிசீவர் அளப்பது இந்த வேறுபாட்டை மட்டுமே. அது சுழியானால் முள் நடுவில் நிற்கும்.

சிக்கல் இங்கேதான். வேறுபாடு இல்லை என்பதும், வேறுபாட்டைச் சொல்லும் அலையே வரவில்லை என்பதும் முள்ளுக்கு ஒன்றாகிவிடலாம். 2000 ஜூலையில் சமோவாவின் ஃபாலியோலோ விமான நிலையத்துக்கு இரவில் வந்த ஏர் நியூசிலாந்து போயிங் 767இல் அப்படித்தான் ஆயிற்று. கருவியின் பழுதைக் காட்டும் எச்சரிக்கைக் கொடி எழவில்லை; முள் நடுவிலேயே நின்றது; விமானமோ ஓடுபாதைக்குப் பல மைல் முன்பே தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று கண்ட விமானிகள் 400 அடிக்கும் கீழிருந்து விமானத்தை மேலேற்றினர்.

முள்ளை எவ்வளவு நம்புவது என்ற கேள்விக்கு இந்திய மெய்யியலில் இரண்டு விடைகள் உண்டு. அறிவு தன்னளவிலேயே பிரமாணம், அதாவது செல்லத்தக்க சான்று, வேறொன்று மறுக்கும்வரை செல்லும் என்பது மீமாம்சகர் கொள்கை. அதன் மெய்ம்மை வெளியிலிருந்தே உறுதிப்பட வேண்டும் என்பர் நியாய மரபினரான நையாயிகர். மேகத்துக்குள் ஒவ்வொரு நொடியும் ஐயுற்றால் பறக்கவே முடியாது. ஆனாலும் விமானப் பயிற்சி நியாயத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது, சரியாகவே. ஒவ்வொரு கடல்மைலுக்கும் உயரம் சுமார் 300 அடி குறைகிறதா என்று தொலைவோடு ஒப்பிட வேண்டும். முதல் வகை ஐ.எல்.எஸ். அணுகலில் 200 அடி என்னும் முடிவு உயரத்துக்கு இறங்குவதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் திரும்ப மேலேற வேண்டும்.

உண்மையை அறிந்து அதை உள்ளபடி சொல்ல விரும்புபவரே ஆப்தர் என்கிறது நியாயம். கருவிக்கு விருப்பம் ஏது? அதன் இடத்தைத் தரையிலுள்ள மானிட்டர் நிரப்புகிறது: அலை பிறழ்ந்தால் சில நொடிகளில் மாற்றுக் கருவிக்கு மாறும், அல்லது ஒலிபரப்பையே நிறுத்திவிடும். சமோவாவில் அந்தக் காவல்தான் செயலற்றுக் கிடந்தது.

மூன்றாம் வகை அணுகல் சிலவற்றில் முடிவு உயரமே கிடையாது; சக்கரம் தரை தொடும்வரை கருவியின் சொல்தான். பயன் தரும் செயலே மெய்ம்மைக்குச் சான்று என்னும் நியாய விடை அங்கே காலம் கடந்தே கிடைக்கும். அதனால்தான் சோதனை விமானங்கள் குறித்த இடைவெளியில் அந்தப் பாதையை முன்கூட்டியே பறந்து அளந்து பார்க்கின்றன.