அழுகைக்கு விலாசம் இல்லை

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வழக்கு நடக்கும். தூளிக்குள்ளிருந்து வீறிட்டு ஓர் அழுகை. "தூக்காதே, தூக்கிப் பழக்கினா அப்புறம் கையை விட்டு இறங்காது" என்பது ஒரு கட்சி. "பச்சப்புள்ள, தொண்டை காஞ்சு போயிடும்" என்பது எதிர்க்கட்சி. தீர்ப்பு வருவதற்குள் விடிந்துவிடும்.

இது ஆத்தூரிலும் சேலத்திலும் மட்டும் நடக்கிற வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதே தப்பு என்று 1928-ல் புத்தகமே போட்டார் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். 1972-ல் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் என்ற இரண்டு பெண்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். அழுதவுடன் ஓடிவந்த அம்மாக்களின் குழந்தைகள், ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதனவாம். அதே சமயம், ஏழெட்டு மாதக் குழந்தைகளைத் தானாகத் தூங்க மெல்ல மெல்லப் பழக்கிப் பார்த்தார்கள் ஆஸ்திரேலியாவில். ஆறு வயதில் அந்தக் குழந்தைகளிடம் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்று 2012-ல் முடிவு வந்தது.

ஆக, கொஞ்சம் வளர்ந்த குழந்தை நாலு நிமிஷம் சிணுங்கினால் குடி முழுகிவிடாது. முதல் மூன்று மாதக் குழந்தை விஷயம் வேறு. அதற்குப் பகல், ராத்திரி வித்தியாசம் தெரியாது. குட்டி வயிறு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். பிடிவாதம் பிடிக்கிற வயது இன்னும் வரவில்லை. உடம்பு சுட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய வயதும் அதுதான்.

சரி, தூக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எழுந்திருப்பது யார்?

பி.காம். படித்தவன் புத்தி கணக்கிலேதான் போகும். "எங்க பேரன்", "எங்க குலக்கொழுந்து", "அப்படியே அப்பன் ஜாடை" — வரவெல்லாம் கூட்டுக் கணக்கில். ராத்திரித் தூக்கம் என்கிற செலவு மட்டும் ஒரே ஒருத்தியின் தனிக் கணக்கில்! கேட்டால், "அவரு காலையில வேலைக்குப் போகணுமே?" என்கிறோம். சேகோ ஃபேக்டரியில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் அசதியில் தூங்குவது நியாயம்தான். பிரசவமான உடம்போடு பகலெல்லாம் பிள்ளை பார்த்தவளுக்கு அசதி இல்லையா? சட்டமும் நம் வீட்டுத் திண்ணை மாதிரியே யோசிக்கிறது. 2017-ல் செய்த திருத்தம், அம்மாவின் பிரசவ விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

"பெத்தவ பார்த்துக்கறதுதானே இயற்கை?" என்பீர்கள். இதே சேலம் மாவட்டத்தில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

பெண் சிசுக்கொலைக்காக இந்த ஜில்லாவின் பெயர் நாடெங்கும் அடிபட்ட காலத்தில், 1992-ல், தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேதான் தொடங்கினார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. "கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுவிடுங்கள்" என்றது அரசாங்கம். பிள்ளையைக் கைவிட இது வழிகாட்டுகிறதே என்று கண்டித்தவர்களும் உண்டு. அந்த வாதம் இருக்கட்டும். அப்படி வந்த குழந்தையும் ராத்திரி அழுமில்லையா? அப்போது எழுந்து வர வேண்டியவர் அங்கே வேலையில் இருக்கும் ஓர் ஆயாம்மா. பெற்றவளும் இல்லை, உற்றவளும் இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

யாருமே வராவிட்டால்? 1989-ல் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்த பிறகு, அங்கிருந்த அநாதை விடுதிகளுக்குள் போனவர்களைத் திடுக்கிட வைத்தவற்றில் ஒன்று, நிசப்தம். வரிசையாகத் தொட்டில்கள், அவற்றில் குழந்தைகள், அழுகைச் சத்தமே இல்லை. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துபோன குழந்தைகள், கூப்பிடுவதையே விட்டுவிட்டிருந்தன.

கைக்குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதன் அழுகையில் விலாசம் கிடையாது. 'அம்மா' என்று எழுதி ஒட்டுவது நாம்தான். பால் கொடுக்கத்தான் அவள் வேண்டும். ஈரத்துணி மாற்ற, தோளில் போட்டு ஏப்பம் வரவைக்க, தூளியை ஆட்ட அப்பா கை போதும், தாத்தா கையும் போதும்.

யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் எழுந்திருக்கலாம். முக்கியமாக, விழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரிப் படுத்திருக்கும் அந்தப் பக்கத்துப் பாய்க்காரர்!