அடித்தவனிடம் ஒரு கேள்வி

பங்குப் பேரவையில் திருவிழாக் கணக்கு வாசிக்கப்படும் வேளையில் குரல்கள் உயர்வதை நாம் அறிவோம். செபத்துடன் தொடங்கிய கூட்டம்தான் அதுவும். அப்படியொரு கூட்டத்தில், பந்தல் செலவைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி நம் நேர்மையையே ஐயுறுவதாக நமக்குப் பட்டது. நாம் சொன்ன மறுமொழி கணக்கைப் பற்றியதாக இல்லை. அவருடைய குடும்பத்தைப் பற்றியதாக இருந்தது. கூடமே அமைதியாயிற்று. அது நல்ல அமைதியன்று.

சினத்தை அடக்குவதென்றால் வாய்மூடி இருப்பதே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் வேறொன்றைக் காட்டுகிறது. அன்னாவின் முன்னிலையில் விசாரணை நடக்கையில், காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். மலைப்பொழிவில் மறுகன்னத்தையும் காட்டச் சொன்னவர் அங்கே அதைக் காட்டவில்லை, பேசாமலும் இருந்துவிடவில்லை. தாம் சொன்னதில் தவறிருந்தால் எடுத்துக்காட்டும்படியும், இல்லையெனில் அடித்ததன் காரணத்தைக் கூறும்படியும் கேட்கிறார். கட்டுண்ட நிலையில் கேட்ட கேள்வி அது. புனித அகுஸ்தினாரும் இந்த இடத்தில் நின்று ஆராய்ந்திருக்கிறார். சினங்கொண்ட நெஞ்சோடும் ஒருவன் மறுகன்னத்தை நீட்டக்கூடும் என்பது அவர் கண்ட உண்மை. நம் வீடுகளில் நாள்கணக்கில் நீளும் மௌனங்களில் எத்தனையோ இவ்வகையின அல்லவா?

திருத்தூதர் பணிகள் 23ஆம் அதிகாரத்தில் மற்றொரு விசாரணை. பவுலை வாயில் அடிக்கும்படி தலைமைக் குரு அனனியா ஆணையிட்டதும், பவுலின் சொல் சுடுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவரோடு அவரை ஒப்பிட்டு ஏசிவிடுகிறார். ஏசப்பட்டவர் தலைமைக் குரு என்று அருகில் நின்றோர் உணர்த்தியதும், தாம் அறியவில்லை என்று கூறி, மக்கள் தலைவரைப் பழிக்கலாகாது என்னும் திருச்சட்டத்தைத் தாமே நினைவுகூர்கிறார். (அந்த மறுமொழியில் ஏளனம் ஒளிந்திருப்பதாகக் கருதுவோரும் உண்டு, நமக்கு அப்படித் தோன்றவில்லை.)

இரு இடத்திலும் இழைக்கப்பட்டது அநீதியே. ஆனால் இயேசுவின் மதிப்பு அந்தக் காவலனின் கையில் இருக்கவில்லை, தந்தையிடம் இருந்தது. அதை மீட்கப் போராட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. எனவே அடித்தவனையும் சிந்திக்கத் தெரிந்த மனிதனாகக் கண்டு கேள்வி கேட்க முடிந்தது. நமக்கோ, பந்தல் செலவைக் கேட்ட ஒருவர் நம் மதிப்பு முழுவதையும் அள்ளிக்கொண்டு போவதாகத் தோன்றிற்று. தந்தையை நம்புவதாக ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், அந்த ஒரு நிமிடத்தில் அவரை நம்பவில்லை.

ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியார் பக்தி வாழ்வைப் பற்றி 1609இல் வெளியிட்ட நூலில், சினம் எழுகையில் புயலில் சிக்கிய சீடர்களைப்போல் ஆண்டவரை அழைக்கச் சொல்கிறார். அந்தச் செபமும் பதற்றமின்றி இருக்கவேண்டுமாம். மீறிச் சினந்துவிட்டால், புண் பச்சையாக இருக்கும்போதே, அதே ஆளிடம் கனிவான செயலொன்றைச் செய்யவேண்டும் என்பது அவர் அறிவுரை.

நாம் ஒரு வாரம் கடத்தினோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிர்ந்துகொள்ளக் குருவானவர் அழைத்தபோது, இரண்டு வரிசைக்கு முன்னே நின்ற அவர்தாம் திரும்பி முதலில் கைகூப்பினார். பலி முடிந்ததும் கோவில் படிக்கட்டில் காத்திருந்து, அவர் வீட்டாரைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, பந்தல் ரசீதுகளை அவரிடம் கொடுத்தோம். நின்றவாறே புரட்டிப் பார்த்தவர், ஒரு கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டினார்.