அரசனின் நாழிச் சோறு

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. அங்கே லாரி பேக்கர் கட்டிய செந்நிற இந்தியன் காபி ஹவுஸ் வட்டமாகச் சுழன்று மேலேறுகிறது. சரிந்தேறும் தளத்தின் ஓரமெங்கும் மேசைகள். நெடுந்தூரம் பயணம் செய்து பசியோடு இறங்குபவருக்கு அங்கே கிடைக்கும் தோசையும் காபியும் இறைவனின் பிரசாதமே.

அதே தம்பானூரில் நாகர்கோவில் வண்டிக்காகக் காத்திருக்கும் வேறொருவரையும் காணலாம். மதியம் வயிறார உண்டவர் அவர். ஆனால் மாலையில் மேலதிகாரி பேசிய கடுஞ்சொல் நெஞ்சில் உறுத்துகிறது. கை தானாகவே பழம்பொரியை நாடுகிறது. ஒன்று இரண்டாகிறது, பின்னர் பரிப்பு வடை. உண்ட சுவைகூட நினைவில் நிற்பதில்லை. வீட்டில் இரவு உணவு வேறு காத்திருக்கிறது!

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 38 சதவீதத்தினரும் ஆண்களில் சுமார் 36 சதவீதத்தினரும் மிகை எடை கொண்டவர்கள். தமிழகத்துப் பெண்களிடையே இது 40 சதவீதம். எல்லாவற்றுக்கும் மனச்சுமையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடலுழைப்புக் குறைவு, உறக்கமின்மை, எண்ணெய்ப் பண்டங்கள் என்று காரணங்கள் பல. எனினும் பசியின்றி உண்பதன் வேர் மனத்தில்தான் உள்ளது.

சாந்தோக்ய உபநிஷதம் ஆகாரத் தூய்மையைப் பற்றிக் கூறுகிறது. அவ்விடத்தில் ஆதிசங்கரர், புலன்களின் வழியே உள்ளே வருவன அனைத்தும் ஆகாரமே என்று விளக்கம் தருகிறார். அப்படியானால் செவி வழியே புகுந்த கடுஞ்சொல்லும் ஆகாரமே. அந்த அஜீரணத்துக்கு வடையை மருந்தாக்கினால் நோய் இரண்டாகிறது.

கோசல நாட்டு மன்னன் பசேநதி பெருந்தீனிக்காரன். ஒரு நாள் துரோண அளவு சோற்றை உண்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி புத்தர் முன் வந்து அமர்ந்தான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பட்டினி கிடக்கச் சொல்லவும் இல்லை. விழிப்போடு அளவறிந்து உண்பவனுக்குத் துன்பங்கள் குறையும், மூப்பும் மெல்லவே வரும் என்னும் பொருள்படச் சில அடிகள் மட்டும் சொன்னார். மன்னன் அருகில் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனிடம், அவற்றை மனப்பாடம் செய்து தான் உண்ணும் வேளைதோறும் ஓதும்படி ஆணையிட்டான். அதற்கு நாளொன்றுக்கு நூறு காசு ஊதியம்! நாளடைவில் மன்னனின் உணவு நாழி அளவுக்குள் வந்து நின்றது.

'நாளடைவில்' என்பதே இங்கு முக்கியம். ஒரே நாளில் துரோணம் நாழியாகிவிடவில்லை. உண்ணும்போது ஒலித்த சொற்கள், கைக்கும் வாய்க்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்கின. வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சுமார் இருபது நிமிடங்கள் ஆகும் என்பது மருத்துவர் கூற்று. அவசரமாக விழுங்குபவர் அச்செய்தி வருமுன்பே அளவைக் கடந்துவிடுகிறார். கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றும் 'அஷ்டாங்க ஹிருதயம்' வயிற்றின் இரு பாகத்தை உணவுக்கும் ஒரு பாகத்தை நீருக்கும் தந்து, நான்காவதை வெறுமையாக விடச் சொல்கிறது. அந்த வெறுமையைத் தாங்கப் பழகுவதும் ஒரு தவமே.

மறுபுறம், அதிகமாக உண்டுவிட்டோமே என்று வருந்தி மறுநாள் முழுப் பட்டினி கிடப்பவர்களும் உள்ளனர். அன்று மாலையே அடக்கிய பசி இருமடங்காகப் பாய்கிறது. மிகுதியாக உண்பவனுக்கும், அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கண்ணன் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறான். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்ப்பது ஆபத்தும்கூட. உண்பதைத் தன்னால் நிறுத்தவே இயலவில்லை என்று தவிப்பவர் மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை.

பல இல்லங்களில் சுதர்சனனின் பணியை ஏளனம் எடுத்துக்கொள்கிறது. "இன்னுமா?" என்ற ஒரு சொல் போதும், புண்பட்ட மனம் யாரும் காணாத நேரத்தில் அடுக்களைக்குச் செல்கிறது. சுதர்சனனோ மன்னனின் தட்டைப் பறிக்கவில்லை, அவன் பருமனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மன்னனே கேட்டுக்கொண்ட சொற்களை, அவன் உண்ணும் வேளையில், அருகே நின்று ஓதினான்.