தனுவும் கரணமும்: வளர்ச்சிச் சவாலுள்ள பிள்ளையும் வினைக்கொள்கையும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், பேச்சோ நடையோ பழக்கமோ வயதுக்கேற்ப வளராத பிள்ளையுள்ள வீட்டை நோக்கிப் பல வேளை முதலில் எழுவது, இது யாருடைய வினை என்னும் கேள்வியாகும். சைவசித்தாந்தத்தின் பெயராலேயே இக்கேள்விக்கு விடை சொல்லப்படுவதால், அச்சாத்திரம் இதைப் பற்றி உண்மையில் என்ன கூறுகிறது என்பதையும், அத்தகைய பிள்ளைகளுக்கு இன்று அளிக்கப்படும் தொழில்வழிச் சிகிச்சை அதனோடு எங்கே பொருந்துகிறது என்பதையும் நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதமும் அதன் வழிநூல்களும் விளக்கும் கொள்கையின்படி, உயிர் தொடக்கமற்ற காலந்தொட்டு ஆணவம் என்னும் மலத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது; அம்மறைப்பு நீங்குதற்பொருட்டு இறைவன், உடலாகிய தனு, அறிதற்கும் செய்தற்கும் உரிய கருவிகளாகிய கரணம், வாழும் உலகாகிய புவனம், நுகர்ச்சிப் பொருளாகிய போகம் என்னும் நான்கையும் மாயையிலிருந்து தோற்றுவித்து உயிருக்குக் கூட்டுகிறான். இவை எவ்வாறு அமையும் என்பதை வினை வரையறுக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அவை கொடுக்கப்படுவதன் நோக்கம் அருள் என்பதில் இந்நூல்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையின் இந்த உதவியை, விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிட்டார். உடலைத் தண்டனையாக மட்டுமே காண்பவர் இந்த ஒப்புமையை மறந்தவராவார்.

இதிலிருந்து ஊர்வழக்குக்கு ஒவ்வாத சில முடிவுகள் பிறக்கின்றன. வினை, செய்த உயிருக்கே உரியது; ஆகவே பெற்றோரின் பாவம் பிள்ளையின் உடலில் விளைந்தது என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பழி தாயை விட்டு நீங்குவது ஆறுதலே எனினும், அப்பழி அடுத்த கணமே வாய் திறந்து மறுக்க இயலாத பிள்ளையின் மீது இறங்கிவிடுவதால், அளவைகளைத் துணைக்கொள்வது தேவையாகிறது. அளவை என்பது ஒன்றை உண்மையென நிறுவும் வழி. சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்றை முதன்மையாகக் கொள்ளும். முற்பிறப்பின் செயல் எவருடைய காட்சிக்கும் எட்டாது. குறித்த ஒரு பிள்ளையைப் பற்றி எந்த ஆகமமும் உரைப்பதில்லை. எஞ்சிய கருதலோ, உடலெடுத்த எவருக்கும் வினை உண்டு என்று பொதுவாகச் சொல்லுமேயன்றி, இன்ன குறைக்கு இன்ன வினை காரணம் என்று சொல்லாது. மேலும் ஆணவம், வினையாகிய கன்மம், மாயை என்னும் மும்மலமும் உடையோரைச் சகலர் என்னும் ஒரே வகுப்பில் அடக்கும் சித்தாந்தம், சாத்திரம் ஓதும் பண்டிதரையும் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாத பிள்ளையையும் அங்கே அருகருகே நிறுத்துகிறது.

தொழில்வழிச் சிகிச்சை என இலங்கையில் வழங்கும் துறை, உண்ணல், உடுத்தல், விளையாடல், எழுதுதல் முதலாக ஒருவரின் நாளை நிரப்பும் செயல்களையே தொழில் எனக் கொள்கிறது. 1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அமைப்பாகத் திரண்ட இத்துறைக்கு, 1950இல் பம்பாயில் கமலா நிம்ப்கர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். சோற்றைப் பிசைந்து அள்ளி உண்பதையே எடுத்துக்கொண்டால், அதற்கு உடல் நிமிர்ந்து நிலைக்க வேண்டும், பெருவிரலும் மற்ற விரல்களும் கூட வேண்டும், ஈரமும் பிசுபிசுப்பும் தோலுக்குப் பொறுக்க வேண்டும், கை வாயைத் தேடாமல் சென்றடைய வேண்டும், இவை யாவும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக நிகழவும் வேண்டும். தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையிடம் வீட்டார் குழப்படியைக் காண, சிகிச்சையாளர் இந்தத் தொடரில் அறுந்த கண்ணி எதுவெனத் தேடுகிறார். ஈரம் பொறுக்காத கைக்கு உலர்ந்த பொருள்களைக் கொடுத்துத் தொடங்குகிறார். சில வேளை பிள்ளையை விட்டுவிட்டு இருக்கையின் உயரத்தையோ அறையின் இரைச்சலையோ மாற்றுகிறார். ஐம்புலன்களோடு, உட்காது தரும் சமநிலை உணர்வையும் தசையும் மூட்டும் தரும் உணர்வையும் மூளை ஒருங்கிணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாட்டை ஆராய்ந்த ஜீன் ஏர்ஸ் 1972இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. அவர் முறையின் பயன் பற்றிய விவாதம் ஆய்வாளரிடையே இன்றும் தொடர்கிறது.

கரணங்களின் பட்டியலில் கையையும் காலையும் மனத்தோடும் புத்தியோடும் சேர்த்து எண்ணிய மரபுக்கு, கையைப் பழக்குவது உயிருக்கு உதவுவதாகும் என்பது அந்நியமான கருத்தன்று. உடலால் செய்யும் தொண்டாகிய சரியையை வழிபாட்டின் முதற்படியாக வைத்து, உழவாரம் ஏந்திப் புல் செதுக்கிய அப்பரை அதற்கு எடுத்துக்காட்டாக்கியதும் இம்மரபே. ஆனால் தோப்புக்கரணம் மூளையை வளர்க்கும், அங்கப்பிரதட்சணம் நரம்புக்கு மருந்து என்றெல்லாம் கோயில் வழக்கங்களுக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடும் இன்றைய ஆர்வம் இரு துறைகளுக்கும் நன்மை செய்வதில்லை. நல்லூரின் 25 நாள் திருவிழாவில் தவிலோசையும் நெரிசலும் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது சிகிச்சையன்று, துன்பமே.

ஞானத்தை இறுதிப்படியாகக் கொண்ட மரபில், கேள்விக்கு விடை சொல்ல இயலாத பிள்ளைக்கு இடம் எது என்பதே கடினமான வினா. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822-1879) சைவ வினாவிடை எழுதியதிலிருந்து யாழ்ப்பாணத்துச் சமயக் கல்வி, பெரும்பாலும் மனனத்தையும் வாயால் ஒப்புவித்தலையுமே அளவுகோலாகக் கொண்டு வந்திருக்கிறது; அது ஒரு தலைமுறையின் தேவைக்கு ஏற்ற கருவியே தவிர, சித்தாந்தத்தின் முடிவன்று. வாயில் நீரைக் கொணர்ந்து உமிழ்ந்து வழிபட்ட கண்ணப்பரை நாயனாராக ஏற்ற பெரியபுராணம், முறை அறியாமை அன்புக்குத் தடையாகாது என்பதை முன்பே நிறுவிவிட்டது. எனினும் நல்லூர்த் தேரடியில் விசரரெனக் கருதப்பட்டு வாழ்ந்த செல்லப்பா சுவாமியை நினைந்து, இப்பிள்ளைகளும் மறைந்துறையும் ஞானியரே என்று சொல்லிவிடுவது வேறொரு தப்பித்தலாகும். ஞானியென்று கும்பிடப்பட்ட பிள்ளைக்கும் பல் துலக்கக் கற்பிக்க ஒருவர் வேண்டும்.

அதற்கான உழைப்பைச் சமயத்துக்குப் புறம்பானதாகக் கருதாத முயற்சிகள் நல்லூருக்கு அண்மையிலேயே உண்டு; கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் நிறுவிய சிவபூமி பாடசாலை அவற்றுள் ஒன்று. அந்தப் பொறுப்பை ஒரு பாடசாலையிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர் விலகுதல் தகாது. அறநெறிப் பாடசாலைகள் ஒப்புவிக்க முடியாத பிள்ளைக்குப் பூத்தொடுக்கவும் வீதி கூட்டவும் இடம் கொடுக்கட்டும். கோயில்கள் மணியும் மேளமும் இல்லாத ஒரு வேளையை அப்பிள்ளைகளின் தரிசனத்துக்கென ஒதுக்கட்டும். பிரசங்கம் செய்வோர் மேடையில் வினையை விளக்கும்போது, அப்பிள்ளைகளை உதாரணமாக்குவதை இன்றோடு நிறுத்தட்டும்.