வேறுபாடு காணும் அறம்

இரண்டு பொருள்கள் ஒன்றா, வேறா என்னும் வினா தருக்க நூலாருக்கே உரியதென நாம் பொதுவாக எண்ணுகின்றோம். ஆயின், அவ்வினாவுக்கு விடை கூறுபவன் ஒருவன் உளன். அவ்விடையால் நன்மையோ தீமையோ எய்துபவன் வேறொருவன் உளன். ஆதலின் அஃது அறநூலுக்கும் உரிய வினாவாகின்றது. கணனியிற் பதியப்பெற்ற இரு பெயர்ப்பட்டியல்களை முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வாம்.

2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவையின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உலருணவு பகிர்வதற்காகத் தொண்டர் சிலர் பெயர் திரட்டினர். யானும் அவருள் ஒருவன். கையாற் குறித்த விபரங்களை வெள்ளவத்தையில் ஒருவரும் கொட்டாஞ்சேனையில் ஒருவருமாக இருவர் தனித்தனியே கணனியில் ஏற்றினர். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பதே நோக்கம். இரு கோப்புக்களையும் ஒப்புநோக்கும் செய்நிரலிடம் கொடுத்தபோது, முதல் வரி தொட்டு இறுதி வரி ஈறாக ஒவ்வொன்றும் வேறுபடுகின்றதென அது அறிவித்தது. “பட்டியலை யாரோ மாற்றிவிட்டார்கள்” என்றார் எம்முள் மூத்தவர் ஒருவர். ஐயம் கொட்டாஞ்சேனை இளைஞர்மீது சென்றது. அவர் மறுமொழி கூற அறியாது நின்றார். திரையில் அருகருகே வைத்துப் பார்த்தோருக்கோ யாதொரு வேறுபாடும் புலப்படவில்லை. அவருடைய கோப்பு, வரிகள் எத்தனையோ ஏறக்குறைய அத்தனை குறிகளாற் பெரிதாயிருந்தமை ஒன்றே தடயமாயிற்று.

காரணம் பழைய பொறியொன்றிலே கிடந்தது. தட்டெழுத்துப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளுவோம். உருளை தாங்கிய வண்டி தொடக்கத்துக்கு மீளும். தாளும் ஒரு வரி மேலேறும். தந்திவழி இயங்கிய தொலைத் தட்டெழுத்துப் பொறியில் இவ்விரு செயல்களுக்கும் வெவ்வேறு குறிகள் அமைந்தன. 1963இல் வெளியான ஆஸ்கி நியமம் வண்டி மீள்வதற்கு 13 என்னும் எண்ணையும், வரி நகர்வதற்கு 10 என்னும் எண்ணையும் கொண்டது. யுனிக்ஸ் இயங்குதளமும் அதன் வழிவந்த லினக்ஸும் வரிமுடிவுக்கு 10 ஒன்றே போதுமென்றன. எம்எஸ்-டாஸும் விண்டோஸும் 13, 10 இரண்டையும் பேணின. 1984இல் வந்த மக்கின்ரோஷ் 13ஐ மாத்திரம் ஏற்றது. 2001இல் அதன் புதிய இயங்குதளம் 10இற்கு மாறியது. வண்டியும் உருளையும் மறைந்துபோயின. அவற்றின் அசைவு மாத்திரம் கண்ணுக்குப் புலனாகாத குறியாக எஞ்சியது. வெள்ளவத்தையில் இருந்தது லினக்ஸ். கொட்டாஞ்சேனையில் இருந்தது விண்டோஸ். இளைஞர் செய்த குற்றம் இவ்வளவே.

வரிமுடிவுகளை ஒருமைப்படுத்தியபின் சில வரிகளே வேறுபட்டு நின்றன. அவற்றுள் ஒன்று, தலைப்பிலிருந்த ‘கொலன்னாவை’ என்னும் ஊர்ப்பெயர். ஒருங்குறியிலே முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் பதியலாம். நியமம் இரண்டையும் சமமென்றே கொள்கின்றது. ஆயின் எண்ணுக்கு எண் ஒப்பிடும் நிரல் அவற்றை வேறென்றே சொல்லும். ஏனை வரிகளும் பெரும்பாலும் இத்தகையனவே. இவற்றையும் தீர்த்தபின் ஒரேயொரு வரி எஞ்சிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டியல் ஆறு பேர் என்றது. மற்றையது ஐந்து பேர் என்றது. விசாரித்தபோது, உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த மூதாட்டி ஒருவர் விடுபட்டமை தெரிந்தது. தவறிய பட்டியல் வெள்ளவத்தையில் எழுதப்பட்டது. அதனை எழுதியவனும் யானே.

பிரித்தறிய இயலாத இரண்டு பொருள்கள் உண்மையில் ஒன்றே என்றார் செருமானிய மெய்யியலாளர் லைப்னிட்சு. இங்கே, கண்ணாற் பிரித்தறிய இயலாதனவற்றைப் பொறி பிரித்தறிந்தது. பொறிக்கு ஒரு வரியளவேயான மூதாட்டியின் இன்மையோ எமக்குப் பெரிதாயிற்று. எனவே, எது வேறுபாடு என்பது பார்ப்பவன் எதன்பொருட்டுப் பார்க்கின்றான் என்பதையும் சார்ந்துள்ளது. எதனையும் புறக்கணியாது எண்ணும் பொறியே நடுநிலை மிக்கதென ஒருவர் வாதிடலாம். பொறி பொய் கூறவில்லை என்பது மெய். “குறிகள் ஒன்றா?” என்று கேட்டோம், “இல்லை” என்றது. அவ்விடையினை, “மனிதர்கள் ஒன்றா?” என்னும் வினாவுக்குரிய விடையாக மாற்றிக்கொண்டவர் நாமே. பிழை ஆங்கே நிகழ்ந்தது.

இச்சிக்கல் எமது மரபுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடியில் வரி முடிவது ஏட்டின் அகலத்தால். செய்யுளின் அடி முடிவதோ யாப்பினால். அடியின் எல்லையைச் செவியே அறிந்தது. இரு சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிடுவோனுக்கு அனைத்தும் வேறாகவே தோன்றும். மேலும், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒரே வடிவில் நிற்கும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1887இற் சீவகசிந்தாமணியைத் தந்த உ. வே. சாமிநாதையரும் இத்தகைய ஏடுகளோடுதான் போராடினர். வரி முறிந்த இடத்தைப் பொருட்படுத்தாது விடவேண்டும். ஓர் எழுத்தின் மாற்றத்தையோ விடலாகாது. எதனை விடுவது, எதனைப் பேணுவது என்னும் இத்தெளிவே பதிப்பாசிரியனின் அறம்.

வேறுபாடுகளை ஒருங்கே புறக்கணித்தலும் தீர்வாகாது. ஒப்புநோக்கும் நிரல்களில் இடைவெளிகளைப் பொருட்படுத்தாது விடும்படி பணிக்கும் வசதி உண்டு. அதனை அளவின்றிக் கையாண்டால் உண்மை வேறுபாடும் மறையக்கூடும். “எல்லாம் வேறு” என்றவர் மூதாட்டியைக் காணவில்லை; “எல்லாம் ஒன்றே” என்று திரையைப் பார்த்து அமைந்திருப்போரும் கண்டிருக்கமாட்டார்.

பெயர்ப்பட்டியலொன்று எத்துணைப் பாரமுடையதென்பதைக் கொழும்பு நன்கறியும். 1983 யூலையில் வாக்காளர் இடாப்புக்களைக் கையிலேந்தியோர் தமிழர் வீடுகளைத் தெரிந்து தாக்கினர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. அயலவராய் ஒரே தெருவில் வாழ்ந்தோரை அவ்விடாப்பிலிருந்த பெயர் ஒன்றே பிரித்தது. கொலன்னாவை வெள்ளத்திலோ சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய அனைவரும் ஒரே நீரில் நின்றனர். அன்று நாம் எழுதிய பட்டியலும் பெயர்களின் தொகுதியே. பெயரைத் தேடியதன் நோக்கம் மாத்திரம் வேறு.

ஆதலின், வேறுபாடு கண்டவிடத்து ஐயுறுவதற்கு முன்னர் நாம் வினவத்தக்கன இரண்டு உள: இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதனாற் பாதிப்புறுபவர் யாவர்? முதல் வினா அந்த இளைஞரைக் காத்திருக்கும். இரண்டாம் வினா மூதாட்டிக்குரிய பங்கினைக் கொண்டுசென்றது. இளைஞரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, அடுத்த பட்டியலைத் தட்டெழுதத் தொடங்கினார்.